அலுமினியத்தில் துரு

பாளையங்கோட்டையில் பல்லைக் காட்டப் போய், சீடராகத் திரும்பி வந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஆவுடைநாயகம்.

வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நொறுங்கிய காரைச் சுற்றி வந்து, இந்த நசுங்கல் விபத்தில் வந்ததா அல்லது சொந்தக்காரரே சுத்தியலால் தட்டியதா என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. அதில் மனிதர் படு கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். அது அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

பால்காரர் சிரித்தால் இன்று தண்ணீர் கூடுதல் என்று நினைப்பார். காலை நடையில் உடன் வருகிறவர்கள் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பார். யாராவது வலிய வந்து நலம் விசாரித்தால் போச்சு, அன்று முழுக்க அதற்கு என்ன காரணம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மனைவி இறந்த பிறகு அவரைத் தேடி வருகிறவர்கள் என்று யாரும் இல்லை.

குருவின் பெயர் சாராள். பல் டாக்டர். வயதுக்கு ஆவுடைநாயகத்தின் மகள் என்று சொல்லலாம்.

முதல் தடவை அவர் அந்த நாற்காலியில் சாய்ந்தபோது வாய் திறந்திருந்தது, கண்ணுக்குக் கூரைதான் தெரிந்தது. கூரையில் நூல் கட்டிச் சின்னச் சின்ன விமானங்கள் தொங்கின. அண்ணாந்து கிடப்பவருக்கு அடிவயிறுதானே தெரியும். ஒரு விமானத்தின் அடிவயிற்றில் எஞ்சினிலிருந்து வால் வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. டாக்டர் நரம்பை எடுத்து, பல்லை அடைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொன்னதும் ஆவுடைநாயகம் பேசிய முதல் வாக்கியம் பல்லைப் பற்றியது அல்ல.

“அந்த விமானத்துல எண்ணெய் ஒழுகுது, டாக்டர்.”

“ஒழுகுத மாதிரி தெரியணும்னுதான் அவ்வளவு பாடுபட்டேன், சார்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் சீடர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நோயாளிகள் கிடையாது. பல் பார்க்கும் விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அதன் அடியில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து விமானம் செய்வார்கள். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டுவது, இடைவெளியை அடைப்பது, சாயம் அடிப்பது எல்லாம் டாக்டர் சொல்லிக் கொடுத்தார். சாயம் அடித்து முடித்த புது விமானத்துக்கு அங்கே மாப்பிள்ளை என்று பெயர். அதைப் பழசாக்குவதற்கு, மாப்பிள்ளையை வேலைக்கு அனுப்புவது என்று பெயர். உள்ளதிலேயே கஷ்டமான பாடம் அதுதான்.

கறுப்பு எண்ணெய்ச் சாயத்தைத் தின்னர் விட்டுத் தண்ணீர்போலக் கரைத்துத் தகடுகள் சேரும் கோடுகளில் ஓட விடவேண்டும். ஸ்பஞ்சுத் துண்டில் வெள்ளிச் சாயத்தைத் தொட்டு ஒற்றினால் பெயிண்ட் உரிந்த மாதிரி தெரியும். உப்பைத் தூவி, அதன் மேல் வெளிறிய நிறத்தை அடித்து, காய்ந்ததும் தட்டிவிட்டால் வெயில் தின்ற திட்டுகள் வரும். கறுப்புச் சுண்ணக்கட்டியை இழைத்துத் தேய்த்தால் புகை.

ஆவுடைநாயகம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். எல்லாவற்றையும் தன் விமானத்தில் செய்தும் பார்த்தார். முடிவில் அது சாக்கடையில் விழுந்து எடுத்ததுபோல இருந்தது.

பக்கத்தில் காஜா மைதீனின் விமானம் இருந்தது. காஜா செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், இவருக்குப் பிறகு வந்து சேர்ந்தவர். அவர் விமானத்தில் அழுக்கே கொஞ்சம்தான். ஆனால் இப்போதுதான் இறங்கி நிற்கிறது, தொட்டால் சுடும் என்று தோன்றும். இருவரும் செய்தது ஒரே ரகம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பறந்த ஒற்றை எஞ்சின் போர் விமானம்.

ஆவுடைநாயகத்துக்கு வயிறு எரிந்தது. அதை வெளியே காட்டாமல் கேட்டார்.

“டாக்டர், ரெண்டு பேருக்கும் ஒரே சாயம், ஒரே பிரஷ். அவன் விமானம் நெசமாத் தெரியுது. என்னுது மட்டும் ஏன் வேஷம் கட்டின மாதிரி இருக்கு?”

டாக்டர் அவருடைய விமானத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது இறக்கையின் மேல் ஒரு விரலை வைத்தார்.

“இந்தப் பக்கம் யாரு ஏறினா, சார்?”

“என்னது?”

“பெயிண்ட் உரிஞ்சிருக்குல்லா. யாரோ மிதிச்சிருக்கணும். யாரு?”

கேள்விக்குக் கேள்வியையே பதிலாகச் சொல்கிறவர்களை ஆவுடைநாயகம் சர்வீசில் நிறையப் பார்த்தவர். அத்தனை பேரும் எதையோ மறைத்தவர்கள்.

“சரி, ஒண்ணு செய்யுங்க” என்றார் டாக்டர். “பஸ் ஸ்டாண்டுக்குப் போயி ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸைச் சுத்திப் பாத்துட்டு வாங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

போனார். பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் நின்றன. அவர் எதையும் பார்க்கவில்லை. தன்னை மட்டும் ஏன் வெளியே அனுப்பினார், அந்த நேரத்தில் காஜாவுக்கு எதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றே யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

“என்ன பாத்தீங்க?”

“பஸ்ஸைத்தான்.”

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததும் ஆவுடைநாயகத்துக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் விமானத்தை விட்டுவிட்டு டாக்டரைச் சர்வே செய்ய ஆரம்பித்தார். ஆதாரங்கள் தாமாக வந்து சேர்ந்தன. சந்தேகப்படுகிறவனுக்கு ஆதாரம் எப்போதுமே தாராளமாகக் கிடைக்கும்.

முதலாவது, அந்த அறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் லேபிள் இல்லாத ஒரு குப்பி. உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த அலமாரி பூட்டியிருக்கிறது. இரண்டாவது, காஜா தன் விமானத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் கிளினிக்கிலேயே விட்டுவிட்டுப் போகிறார். அடுத்த ஞாயிறு பார்த்தால் சக்கரங்களில் அசல் மண்தூசி. பெட்ரோல் ஊற்றும் மூடிக்குக் கீழே, முந்தைய வாரம் இல்லாத ஒரு சின்னக் கறை. அந்தக் கறைதான் விமானத்துக்கே உயிர் கொடுத்தது. அதை காஜா போட்டிருக்க முடியாது என்று ஆவுடைநாயகம் முடிவு கட்டினார்.

சென்னையில் இந்த மாதிரிச் சின்ன விமானங்களுக்கென்றே பெரிய கண்காட்சி வந்துகொண்டிருந்தது. இருவருடைய விமானங்களும் அதற்குப் போக இருந்தன.

போவதற்கு முந்தைய வாரம், காஜாவிடம் இல்லாதது தன்னிடம் ஏதாவது இருக்கவேண்டும் என்று ஆவுடைநாயகம் செம்பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை எடுத்து, இறக்கைக்கு அடியிலும் வயிற்றுப் பக்கத்திலும் துருவாகப் பூசினார். தள்ளி நின்று பார்த்தார். பிடிக்கவில்லை. என்ன தப்பு என்று தெரியவில்லை. எல்லாம் அந்தக் குப்பியில்தான் இருக்கிறது என்று தூங்கப் போனார்.

விடிந்ததும் சென்னைக்குப் போன் செய்தார். கண்காட்சியை நடத்தும் வைத்தீஸ்வரன் எடுத்தார்.

“பாளையங்கோட்டையில இருந்து காஜா மைதீன்னு ஒருத்தர் விமானம் வருதுல்லா. அதை அவரு செய்யல. அவங்க டாக்டர் செஞ்சு கொடுத்தது.”

“சார், இது சீரியஸான விஷயம். நிஜமா?”

“பக்கத்துல இருந்து பாத்தவன் சொல்லுதேன்.”

“அப்படின்னா அதை நாங்க மேசையிலேயே வைக்க முடியாது. அந்த டாக்டரையும் இனிமே கூப்பிட மாட்டோம். நான் விசாரிக்கறேன்.”

“நான் சொன்னதா மட்டும் சொல்லிராதீங்க.”

போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறுத்தியது. சர்வீசில் ஒருநாளும் ஆதாரம் கையில் இல்லாமல் ரிப்போர்ட் கொடுத்தவர் அல்ல. இப்போது ரிப்போர்ட் போய்விட்டது, ஆதாரம் இனிமேல்தான் தேடவேண்டும். அலமாரி வேலை நாட்களில் திறந்திருக்கும். வேலை நாளில் உள்ளே போக வேண்டுமென்றால் பல் வலிக்க வேண்டும்.

வலிக்க வைத்துக்கொண்டு கிளம்பினார். காஜாவின் விமானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தன் விமானத்தையும் ஒரு பேக்கரி அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார்.

“என்ன சார், வெள்ளிக்கிழமையே வந்துட்டீங்க?”

“பல்லு வலி, டாக்டர்.”

“கையில என்ன?”

“கேக்கு.”

டாக்டர் பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார்.

“பல்லு வலின்னு சொல்லிட்டு கேக் வாங்கியிருக்கீங்க.”

“பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.”

“அப்ப சரி. உக்காருங்க.”

கழுத்தில் பச்சைத் துணியைக் கட்டிச் சாய வைத்தார்கள். அலமாரி திறந்திருந்தது. குப்பி நடுத்தட்டில் இருந்தது. ஆவுடைநாயகம் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டார்.

“எங்க வலிக்கு?”

இந்தக் கேள்விக்கு அவர் தயாராகவே வந்திருந்தார். பொய் வலி சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் வலியைக் கற்பனை செய்தவர்கள். அவர் கற்பனை செய்யவில்லை. உண்மையிலேயே உயிரை வாங்கிய பல் ஒன்று அவரிடம் இருந்தது. வலது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தையது. அந்த வலி அவருக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது.

“இதான். நேத்துல இருந்து. பச்சைத் தண்ணி பட்டாலே சுரீர்னு இழுக்கு. காது வரைக்கும் போகுது.”

டாக்டர் அந்தப் பல்லில் குளிர்ந்த காற்றை ஊதினார்.

“இப்ப?”

“ஆ!”

“வெந்நி குடிச்சா?”

“உயிரு போயிருது.”

டாக்டர் பல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியை வெளியே எடுத்தார்.

“பழைய படத்தை எடுத்துப் பாத்துருவோம். இருங்க, வாரேன்.”

பக்கத்து அறைக்குப் போனார். செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் ஆவுடைநாயகம் எழுந்தார். கழுத்தில் பச்சைத் துணி தொங்க, மெல்ல நடந்து போய்க் குப்பியை எடுத்தார். மூடி இறுக்கமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். படக்கென்று திறந்தது. பொடி கிளம்பி மீசை, புருவம், பச்சைத் துணி எல்லாவற்றிலும் படிந்தது. அவர் தும்மினார்.

வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

“அது பல்லை மெருகேத்துற பொடி, சார்.”

ஆவுடைநாயகம் குப்பியைக் கீழே வைக்கவும் இல்லை, மேலே வைக்கவும் இல்லை.

“தூசி மாதிரியே இருக்கும். காஜா சக்கரத்துக்குக் கொஞ்சம் கேட்டான், கொடுத்தேன். நீங்க கேட்டிருந்தா உங்களுக்கும் தந்திருப்பேன்லா.”

“கேட்டா மறைச்சிருவீங்கன்னு நெனச்சேன்.”

“அதுனால கேக்கவே இல்லையாக்கும்.”

அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு முதலில் வருவது கோபம். ஆவுடைநாயகத்துக்கும் அதுதான் வந்தது.

“ஞாயித்துக்கிழமை மட்டும் பூட்டுதீங்களே, அது எதுக்கு?”

“அன்னைக்கு நர்ஸ் கிடையாது. உள்ள ஊசி மருந்து இருக்கு. பூட்டாம என்ன செய்ய?”

“என்னைய மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினீங்களே?”

“காஜா எப்பவோ போயிட்டு வந்துட்டான். நான் சொல்லாமலே.”

“அந்தக் கறை? பெட்ரோல் மூடிக்குக் கீழ? அது நீங்க போட்டதுதான?”

டாக்டர் சுழல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவன் வீட்டுல பூனை இருக்கு. விமானத்தைத் தட்டி விட்டுரும்னு இங்கன வச்சிருந்தான். சாயந்திரம் கடையில இருந்து வருவான். விமானத்தைத் தொட மாட்டான், பாத்துக்கிட்டே இருப்பான். ஒருநாள் கேட்டான். ‘டாக்டரக்கா, இதுக்கு பெட்ரோல் ஊத்துறவன் வலக்கைக்காரனா, இடக்கைக்காரனா?’ எனக்கு எப்படிப்பா தெரியும்னேன். ‘அவனுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல்க்கா. கை நடுங்கி மூடிக்குக் கீழ சிந்திட்டான். துடைக்கலாம்னு துணி எடுக்கதுக்குள்ள விமானம் கிளம்பிருச்சு.’ அதுக்குப் பெறகுதான் பிரஷ்ஷை எடுத்தான். நான் பக்கத்துல நின்னேன். அவ்வளவுதான்.”

இவ்வளவு நேர்த்தியாகக் கதை சொல்கிறவர்களையும் ஆவுடைநாயகம் பார்த்திருந்தார்.

“இதை நம்புறதுக்கு என்ன ஆதாரம்?”

“ஒண்ணும் இல்ல, சார்.” டாக்டர் கையிலிருந்த எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். “உங்க பல்லுவலிக்கு என்ன ஆதாரம்?”

“எனக்கு வலிக்குங்கேன். அதுக்கு ஆதாரம் வேற வேணுமா?”

“இது நீங்க காட்டின பல்லு. உள்ள வெள்ளையாக் கோடு தெரியுதா? அங்கன இருந்த நரம்பைப் போன வருஷம் நாந்தான் எடுத்தேன். எடுத்துட்டு அடைச்சு விட்டுருக்கு. பச்சைத் தண்ணியும் அதுக்குத் தெரியாது, வெந்நியும் தெரியாது.”

ஆவுடைநாயகம் படத்தைப் பார்த்தார். வெள்ளைக் கோடு நன்றாகத் தெரிந்தது. அந்த வலி இருந்ததை நினைவு வைத்திருந்தவர், அது எடுக்கப்பட்டதை மறந்து போயிருந்தார். எத்தனை பேரை இதே மாதிரி ஒரு படத்தை நீட்டி வாயடைக்க வைத்திருப்பார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

டாக்டர் எழுந்து போய்ப் பேக்கரிப் பெட்டியைத் திறந்தார். விமானத்தை வெளியே எடுத்தார். சிரிக்கவில்லை. கருவிகள் வைக்கும் தட்டை ஒதுக்கி, விளக்கடியில் அதை நிறுத்தினார்.

“சர்வே பண்ணுங்க.”

“என்னது?”

“இது ஒரு கேஸுன்னு வச்சுக்கிடுங்க. சொந்தக்காரன் யாருன்னு தெரியாது. ஒவ்வொரு கறையும் எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். நீங்கதான் யாரையும் நம்பாத ஆளாச்சே. இதையும் நம்பாதீங்க.”

ஆவுடைநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதலில் சும்மா குனிந்தார். பிறகு பழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. குரலே மாறியது.

“இடது இறக்கை. பெயிண்ட் உரிஞ்சிருக்கு. ஓட்டுறவன் ஏறுற படி இந்தப் பக்கந்தான். பூட்ஸ் பட்டிருக்கு. சரி.”

“ம்.”

“வலது இறக்கை. இங்கயும் அதே மாதிரி...” நிறுத்தினார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் பார்த்தார். “இங்கன படி இல்ல. யாரும் ஏறல.”

“ம்.”

“புகை. குழாய்ல இருந்து பின்பக்கமா ஓடியிருக்கு. சரி. இந்தப் பக்கத்துப் புகை மேல ஏறியிருக்கு. பறக்கும்போது காத்து பின்னால தள்ளும், மேல தள்ளாது. இது தப்பு. வால் நுனியில மட்டும் எண்ணெய். வால்ல எஞ்சினும் இல்ல ஒண்ணும் இல்ல, எண்ணெய் எங்கருந்து வரும்?”

அவருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. எவனோ ஒரு அயோக்கியன் அவரை ஏமாற்றப் பார்த்திருக்கிறான், விடக்கூடாது என்பதுபோல விமானத்தைக் கவிழ்த்தார். இறக்கையின் அடிப்புறம் வெளிச்சத்துக்கு வந்தது.

“இது துரு” என்றார்.

“ம்.”

“விமானம் முழுக்க அலுமினியம்.”

“ம்.”

குரல் இறங்கிவிட்டது. “அலுமினியம் துருப்பிடிக்காதே, டாக்டர்.”

“அப்ப க்ளெய்ம்?”

“ரிஜெக்ட்.”

வெளியே காத்திருக்கும் அடுத்த நோயாளியை அழைக்கலாமா என்று நர்ஸ் எட்டிப் பார்த்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

இனி என்ன வரும் என்று ஆவுடைநாயகத்துக்குத் தெரிந்தேயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்பார். வராமல் எங்கே போவது? வாரம் முழுக்க அந்த ஒரு மதியத்துக்காகத்தான் அவர் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தார். “வாங்க சார்” என்று யாராவது சொல்கிற இடம் ஊரில் அவருக்கு இது ஒன்றுதான்.

சென்னைக்குப் போன் செய்தது டாக்டருக்குத் தெரியாது. வைத்தீஸ்வரனும் இவர் பெயரைச் சொல்ல மாட்டார். பல்வலிக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தால் போதும். ஒருவேளை ஞாயிற்றுக்கிழமையும் தப்பித்துவிடும். இதையெல்லாம் அவர் யோசித்தார். யோசிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

பெட்டியைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார்.

“இன்னொண்ணு இருக்கு, டாக்டர்.”

“சொல்லுங்க.”

“காலையில சென்னைக்குப் போன் பண்ணினேன். காஜா விமானத்தை நீங்கதான் செஞ்சு கொடுத்தீங்கன்னு சொல்லிட்டேன்.”

அதுவரை அமைதியாக இருந்த டாக்டரின் முகம் மாறியது.

“அவன் பேரைச் சொல்லியா?”

“பேரைச் சொல்லித்தான்.”

“அவன் உங்கள அண்ணாச்சின்னுல்லா கூப்பிடுதான்.”

திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பார். ஆவுடைநாயகம் மீசையைத் துடைத்துக்கொண்டார். கையெல்லாம் பொடியானது.

“அவன் மேலயும் உங்க மேலயும் பூசிட்டேன், டாக்டர். அதுக்கும் ஒரு காரணம் கிடையாது, இந்தத் துரு மாதிரி. இப்ப அதை என்ன செய்ய?”

டாக்டர் அலமாரியிலிருந்து பஞ்சு எடுத்தார். தின்னரில் தோய்த்துப் பிழிந்தார். விமானத்தின் அடிப்புறத்தைச் சுட்டினார்.

“இது எப்பப் போட்டது?”

“நேத்து சாயந்திரம்.”

“எண்ணெய்ச் சாயந்தான? இன்னும் காஞ்சிருக்காது.”

பஞ்சை அவர் கையில் கொடுத்தார்.

ஆவுடைநாயகம் துடைத்தார். துரு இளகி வந்தது. பஞ்சு சிவந்தது. பாதி இறக்கை வெளுத்ததும் கையை நிறுத்தி, பஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“வைத்தீஸ்வரன் சாரா? காலையில பேசின ஆவுடைநாயகம். காஜா மைதீன் விஷயமா நான் சொன்னது பொய்.”

“பொய்யா? தப்பாப் புரிஞ்சுகிட்டேன்னு சொல்றீங்களா?”

தப்பிக்க ஒரு வழி தானாகவே திறந்தது. இப்படி வழி கேட்டுக் கெஞ்சியவர்களுக்கு ஒருநாளும் கொடுத்தவர் அல்ல அவர்.

“இல்ல சார். பொய்தான். நான் எதையும் பாக்கல. பொறாமையில சொன்னேன். அதைச் செஞ்சது அவந்தான். அதுல இருக்கிற ஒவ்வொரு கறையும் அவன் போட்டது.”

“இதெல்லாம் என்ன விளையாட்டு சார்? ஒரு மனுஷன் பேரு. நல்லவேளை, இன்னும் யார்கிட்டயும் பேசல.” அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. “சரி, அவர் விமானம் வரட்டும். ஆனா உங்க போன் வந்தா இனிமே நான் யோசிச்சுதான் எடுப்பேன்.”

போன் அணைந்தது.

“காஜாகிட்ட?” என்றார் ஆவுடைநாயகம்.

“ஞாயித்துக்கிழமை வருவான்லா. நீங்களே சொல்லிருங்க.”

சொல்லிருங்க என்பது அவருக்கு அப்புறம்தான் கேட்டது. ஞாயித்துக்கிழமை என்பதுதான் முதலில் கேட்டது. கண் கலங்கியது. பொடி விழுந்துவிட்டது என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

மறுபடியும் பஞ்சை எடுத்து மீதியைத் துடைத்தார். துரு போய்விட்டது. ஆனால் அது இருந்த இடத்தில், செம்மண் தூசி பட்டதுபோல, மெல்லியதாக ஒரு சிவப்பு நின்றது. அழுத்தித் துடைத்தார். பஞ்சை மாற்றித் துடைத்தார். நின்றது.

“முழுசாப் போகல, டாக்டர்.”

டாக்டர் அடுத்த நோயாளிக்காகக் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

“போகாது, சார். புழங்கினா அப்படித்தான் இருக்கும்.”